மேலம்பு இரண்டு, என்டர் ஒன்று

உ
டிசம்பர் 1, திங்கள்

இன்று முதல் இந்த வீட்டின் நிர்வாகம் முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. அதாவது, பால் காய்ச்சுவது, பாப்பாவின் துணியை மாடிக் கம்பியில் காயப்போடுவது, அழுதால் தோளில் சாய்த்துக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடப்பது.

அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன். பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூர் வர முடியாது. "சீனி, நீ போடா. ஒனக்கு இங்க என்ன வெட்டி முறிக்கிற வேலை?" என்றாள். அருப்புக்கோட்டையில் எனக்கு ஆயிரம் வேலை கிடக்கிறது. அத்தனையையும் உதறிவிட்டுத்தான் வந்தேன்.

அக்கா மகள் மங்கையர்க்கரசி, எங்களுக்கு மங்கை. பஸ் டிக்கெட் பதிவு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. பிரசவ லீவு முடிந்து இப்போதுதான் திரும்பச் சேர்ந்திருக்கிறாள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாப்பிள்ளை திருமேனி முப்பந்தலில் காற்றாலை ஏறுகிறார். சனி, ஞாயிறு மட்டும்தான் தலை தெரியும்.

"கஷ்டமா இருக்கா மாமா?"

"கஷ்டமா? ஒத்த ஆளா நின்னு இருபது தெருவுக்குக் கேபிள் இழுத்தவன் தாயி நானு."

சிரித்தாள். இரண்டு தெரு என்பது அவளுக்குத் தெரியும். என் கணக்கில் எப்போதும் ஒரு சைபர் சேர்ந்துகொள்ளும், அது என் ராசி.

கீழே கேட்டில் வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதினேன். முறைத்தான். முறைக்கட்டும். சுழி போடாமல் நான் எதையும் தொடங்கியது கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் மட்டும்தான் மறந்தேன். அதன் பலனை ஊரே அறியும்.

உ
டிசம்பர் 3, புதன்

மங்கையின் வேலையை இன்று பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தேன்.

கம்ப்யூட்டர் என்றால் படம் தெரியும், மவுஸ் இருக்கும், அங்கங்கே அமுக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். இவளுடையது வெறும் கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸைத் தொடுவதே இல்லை. எல்லாம் விரலில்தான். தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி ஒரு சத்தம். என் வாழ்நாளில் இத்தனை வேகமான கையைப் பார்த்ததில்லை. இது நான் சைபர் சேர்க்காமல் எழுதுவது.

"பாதி வார்த்தை அடிச்சுட்டு டேப்பைத் தட்டுனா மிச்சத்த அதுவே எழுதிக்கிடும் மாமா."

"தப்பா அடிச்சுட்டா?"

"கண்ட்ரோலையும் யூவையும் சேத்து அமுக்கணும். மொத்த வரியும் அழிஞ்சுரும். வாய்க்கு அப்பிடி ஒரு பட்டன் இருந்தா ஒங்களுக்கு ரொம்ப ஒதவும்."

கொழுப்பு. அவள் அம்மாவின் கொழுப்பு அப்படியே.

இன்னொரு வித்தையும் சொன்னாள். அடித்த கட்டளை எதையும் அந்த மிஷின் மறக்காது. மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் கடைசியாக அடித்தது வந்து நிற்கும். இன்னொரு தட்டுக்கு அதற்கு முந்தையது. கல்யாண வீட்டில் கழுவி அடுக்கிய தட்டு மாதிரி. கடைசியாக வைத்தது மேலே இருக்கும், அதை எடுத்தால் அடுத்தது.

நாள் முழுக்க அவள் இரண்டு பார்வை பார்க்கிறாள். சர்வர் மூச்சு விடுகிறதா என்று ஒன்று, டிக்கெட் ஓடுகிறதா என்று ஒன்று. மாற்றி மாற்றிப் பார்ப்பதால் எப்போதும் இரண்டு தட்டு மேலே, பிறகு என்டர். இடையில் கோளாறு என்றால் அவள் போன் கூவும். இதே இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பாள். பச்சை எழுத்து வரும். போனில் ‘பார்த்தாயிற்று’ என்று அமுக்குவாள். கூவல் நிற்கும்.

மேலம்பு இரண்டு, என்டர் ஒன்று. பார்த்த மாத்திரத்தில் மனப்பாடம். இதைப் படிக்கப் பிள்ளைகள் நாலு வருஷம் காலேஜுக்குப் போகிறார்கள்.

உ
டிசம்பர் 7, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார், கோழி எடுத்தேன், உப்பு கூடிவிட்டது. கடல் காற்று அடிக்கிற ஊரில் வேலை பார்ப்பவருக்கு உப்பு தெரியாது என்று சமாளித்தேன். ‘எங்கூர்ல கடல் இல்ல மாமா’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நல்ல பிள்ளை.

சாயங்காலம் கேட்டோரத்து பெஞ்சில் சுப்பணன் பழக்கமானார். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். "நீங்க என்ன லைனுங்?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்" என்று வாயில் வந்துவிட்டது. கேபிள் டிவி என்று சொல்ல வந்தவன்தான். வழியில் அது பதவி உயர்வு வாங்கிக்கொண்டது. "மருமகளுக்கே நான்தான் அப்பப்ப சொல்லித் தர்றது" என்று முடித்தேன்.

"அப்புடீங்களா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மனிதன் நம் பேச்சுக்கு நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கும் சுகம் தனி.

உ
டிசம்பர் 10, புதன், காலை

இன்று மங்கையின் கம்பெனியை நான் காப்பாற்றினேன். விவரமாக எழுதி வைக்கிறேன், பின்னால் பாப்பா படிக்கட்டும்.

நேற்று பாப்பாவுக்கு ஊசி போட்டது. ராத்திரி முழுக்க அனல். மங்கை கண் மூடவில்லை. விடிந்ததும் ஏதோ முன்கூட்டியே குறித்திருந்த வேலையாம், இவள் சர்வரை நிறுத்த, வேறொருவர் அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஓட்டினார். அதை முடித்துக் கொடுத்துவிட்டு, பாப்பாவைப் பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொண்டே அவளும் தூங்கிப்போனாள். கம்ப்யூட்டர் திறந்தபடி மேஜையில் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் கூவியது. எழுப்ப மனம் வரவில்லை. வாயைத் திறந்தபடி, ஆறாம் வகுப்பில் எங்கள் வீட்டு ஊஞ்சலில் தூங்குவாளே, அதே மாதிரி தூங்கினாள். நான் இருக்கும்போது எதற்கு எழுப்ப வேண்டும்? நாற்காலியில் உட்கார்ந்தேன். முறைப்படி தொடங்கினேன். மேலம்பு இரண்டு, என்டர் ஒன்று. திரையில் வரிகள் கடகடவென்று ஓடின. போனிலும் அமுக்கினேன். கூவல் நின்றது. ஐந்து விநாடி வேலை.

தயிர் வாங்கக் கீழே போனவன் சுப்பணனிடம் சொன்னேன். "அவ தூங்கிட்டா. நான் மட்டும் இல்லேன்னா இன்னைக்குக் கம்பெனியே படுத்திருக்கும்."

"பெரிய ஆளுங் நீங்க" என்றார். பைக்குள் இருந்த டைரியை எடுத்து அந்த பெஞ்சிலேயே இதை எழுதுகிறேன்.

அதே நாள், சாயங்காலம்

தயிரோடு மேலே வந்தபோது மங்கை நின்றபடியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. பொங்கல் டிக்கெட்டுக்கு முன்பதிவு திறந்த காலையாம் இது. முக்கால் மணி நேரம் ஒருவராலும் டிக்கெட் எடுக்க முடியவில்லையாம். யாரோ சர்வரை நிறுத்தியிருக்கிறார்கள்.

யாரோ.

தயிரை ஃபிரிட்ஜில் வைத்தேன். பூண்டு உரித்தேன்.

உ
டிசம்பர் 11, வியாழன்

மங்கையின் மேலதிகாரி ஷெரின் திரையில் வந்து பேசினாள். கோபக்காரி இல்லை, தன்மையான பெண். அதுதான் கேட்க முடியவில்லை. நான் பக்கத்து அறையில் பாப்பாவின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மடித்தேன்.

"நிறுத்துற கட்டளை உன் மிஷின்லருந்துதான் போயிருக்கு மங்கை. அதுக்கு முன்னாடி தனியா ஒரு ‘யூ’ மட்டும் அடிச்சிருக்கு. அது என்ன?"

மங்கையின் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு மெல்லச் சொன்னாள். "வரியை அழிக்கக் கண்ட்ரோல் யூ அமுக்கப் போயிருப்பேன். கண்ட்ரோல்ல விரல் படல போல. பிள்ளைக்குக் காய்ச்சல். நடுவுல ஒருக்கா எந்திரிச்சு தண்ணி குடிச்ச மாதிரி ஞாபகம். அப்பத்தான் வந்து தட்டியிருக்கணும். எனக்கே தெரியல."

"அலாரத்தையும் நீதான் அமத்தியிருக்கே."

"ஆமா. நான்தான் அமத்தியிருப்பேன்."

எழுத்து மூலமாக எச்சரிக்கை வரும் என்றாள் ஷெரின்.

மத்தியானம் ரசம் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

உ
டிசம்பர் 12, வெள்ளி

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்கு வாய் கசக்கிறது.

உ
டிசம்பர் 14, ஞாயிறு

சுப்பணன் பெஞ்சில் புலம்பினார். அவர் மகன் பெங்களூரில். பொங்கலுக்கு வர அன்று காலை டிக்கெட் எடுக்க உட்கார்ந்தானாம், சுற்றிக்கொண்டே இருந்ததாம். திரும்பத் திறந்தபோது எல்லாம் காலி. "மூணு வருசமா வரலீங். இந்த வருசமும் வரமாட்டானாட்ட இருக்குது."

நான் மழை வரும்போல என்று வானத்தைப் பார்த்தேன். வானம் வெள்ளையாக இருந்தது.

உ
டிசம்பர் 15, திங்கள்

லிஃப்டில் மங்கையைப் பார்த்துச் சுப்பணன் சொல்லிவிட்டார். "ஏனுங் அம்மணி, அன்னிக்கு உங்க மாமாதான் கம்பெனியவே காப்பாத்துனாராமே?"

கதவைத் திறந்து உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். தெரிந்துவிட்டது என்று சுவரோரம் ஒதுங்கினேன். அவளோ சிரித்தாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"இதையும் விட்டு வைக்கலியா மாமா? எம்பொழப்பு நாறிக்கெடக்கு, அதுலயும் நீங்க ஹீரோவா?"

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

உ
டிசம்பர் 16, செவ்வாய்

மழைச் சத்தம் போய்விட்டது. மங்கை இப்போது ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறாள். டேப் இல்லை, மேலம்பு இல்லை. முழு வரியையும் அடித்துவிட்டு, விரலால் திரையைத் தொட்டு வாய்விட்டு வாசித்து, அதன் பிறகுதான் என்டர். மூடாத குழாயில் சொட்டுகிற மாதிரி டக்... டக்... டக். யாரோ திரையில் "மங்கை, கொஞ்சம் சீக்கிரம்" என்றார்கள். "ஒரு நிமிசம், சரியா இருக்கான்னு பாத்துக்கிடுறேன்" என்றாள்.

இதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் கை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.

"சூடு இல்லதான மாமா?"

"இல்ல தாயி."

"பாப்பாவுக்கு மருந்து குடுத்தேனா?"

"குடுத்த. நான் பாத்தேன்."

"நெசமா பாத்தீங்களா, சும்மா சொல்றீங்களா?"

நிஜமாகத்தான் பார்த்தேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள்.

உ
டிசம்பர் 18, வியாழன்

வேலையை விடப்போகிறாளாம். மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "கம்பெனிக்காரங்க ஒண்ணும் போகச் சொல்லல. எனக்குத்தான் பயமா இருக்கு. என் கை என்ன செய்யுதுன்னே எனக்குத் தெரியல. அதே கையாலதான பிள்ளையத் தூக்குறேன்?"

அந்தப் பக்கம் அவர் ஏதோ சமாதானம் சொன்னார். இவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி.

ஊரில் இருந்திருந்தால் இந்த நேரம் நான் பஸ் ஏறியிருப்பேன். கேபிள் தொழில் நொடித்த வருஷம் அப்படித்தான் திருச்செந்தூருக்குப் போய் எட்டு நாள் இருந்தேன். இங்கே பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கி வைத்தால் விழித்துக்கொள்ளும்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு மங்கை ராஜினாமாவை அடித்து முடித்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நான் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நின்றேன்.

"மங்கை, அன்னைக்கு அதை அமுக்குனது நான்தான் தாயி."

அவள் திரும்பவே இல்லை. "மாமா, வேணாம்."

"சத்தியமா."

"ஒங்க சத்தியத்தச் சின்னப்பிள்ளைலருந்து பாக்குறேன். செவல் கெணத்துல முதலை புடிச்சேன்னு எந்தலைல அடிச்சீங்க. எனக்காகப் பழிய எடுத்துக்கிடப் பாக்குறீங்க, அது தெரியுது. ஆனா அதை நம்பிக்கிட்டு நான் எப்பிடி மறுபடி இந்த நாற்காலில ஒக்கார முடியும்? சொல்லுங்க."

ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு முழு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அதை வாங்க ஆளில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. என் வாயிலிருந்து வந்தால் உண்மைக்கும் அவ்வளவுதான் மதிப்பு.

"நம்ப வேணாம். கேட்டுக்க மட்டும் செய்யி. போன் அடிச்சுச்சு. நீ வாயத் தொறந்து தூங்கிக்கிட்டிருந்த. ஒக்காந்தேன். மொதல்ல பிள்ளையார் சுழி போட்டேன். பெறகு..."

அவள் தோள் அசைவதை நிறுத்தியது. "என்ன போட்டீங்க?"

"பிள்ளையார் சுழி. அந்தப் பலகைல தமிழ் ‘உ’ எங்க இருக்கு? யூவத் தட்டி என்டர் அடிச்சேன். அது என்னமோ இங்கிலீஷ்ல திட்டி வஞ்சுச்சு. வஞ்சா வஞ்சுக்கட்டும்னு மேலம்பு ரெண்டு தட்டுனேன், என்டர் அடிச்சேன்."

நாற்காலியோடு திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். அந்த யூ அவளும் ஷெரினும் பேசிக்கொண்டது. என்னிடம் அவள் சொன்னதில்லை. பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டுவிட்டேன்தான், ஆனாலும் அது சுழி என்று கதை கட்ட எனக்கு வராது. நான் கட்டுகிற கதைகளில் நான் இப்படி இருக்கமாட்டேன்.

"காலைல கடைசியா நான் அடிச்சது நிறுத்துற கட்டளை" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "அதுக்கு முந்தினது சும்மா பாக்குறது. ரெண்டு தட்டுக்கு அந்தப் பாக்குறதுலதான் நின்னிருக்கணும். ஒரு சேதமும் இல்ல. ஒங்க சுழி ஒரு தட்டா மேல ஒக்காந்துருச்சு மாமா. அதனால ரெண்டாவது தட்டுல நிறுத்துறது வந்து நின்னுருச்சு. நீங்க பாக்காம அமுக்கிட்டீங்க."

"வரிய வாசிக்கல தாயி. அந்த இங்கிலீஷ எனக்கு வாசிக்கவும் தெரியாது."

"போன் மறுபடி அடிச்சிருக்குமே?"

இதை நான் இந்த டைரியில்கூட எழுதவில்லை.

"அடிச்சுச்சு. திரும்பத் திரும்ப அடிச்சுச்சு. பாப்பா முழிச்சுரும்னு அமுக்கிக்கிட்டே இருந்தேன். நிக்கல. தலகாணிக்கு அடியில வச்சுட்டுத் தயிர் வாங்கப் போயிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். "என் கை இல்ல" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு அந்தக் கைகளாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம். நான் டம்ளரை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றேன். காபி ஆடை கட்டிவிட்டது.

"எத்தன நாள் மாமா பாத்துக்கிட்டிருந்தீங்க? வெந்நீர்ல கை வைக்கச் சொன்னப்பவும் ஒங்களுக்குத் தெரியும். இல்லியா?"

"தெரியும்."

இதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஷெரினிடம் நானே பேசுகிறேன் என்றேன். வேகமாகத் தலையாட்டினாள். "வெளியாள் தொட்டாங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிருவாங்க. பூட்டாமப் போட்டுட்டுப் படுத்தது என் தப்பு. அவங்களுக்கு என் கையாவே இருந்துட்டுப் போகட்டும்." ராஜினாமாவை அழித்தாள். "யார்ட்டயும் சொல்லாதீங்க. அம்மாட்ட, இவர்ட்ட, யார்ட்டயும். இந்த ஒரு கதைய மட்டும்."

சரி என்றேன்.

டிசம்பர் 22, திங்கள்

மாப்பிள்ளை வந்து போனார். மங்கை வேலையை விடாததில் அவருக்கு மகிழ்ச்சி. "மாமா புத்தி சொன்னாருங்க" என்றாள் அவள். அவர் எனக்குக் கைகொடுத்தார். கொடுத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பெஞ்சில் புதிதாக ஒருவர். சுப்பணன் என்னை இழுத்து உட்கார வைத்தார். "அன்னிக்குக் கம்பெனியக் காப்பாத்துன கதைய இவருக்கும் சொல்லுங்."

"அப்பிடி ஒண்ணும் நடக்கலங்க. சும்மா சொன்னேன்."

"பாருங், இப்பத்தான் பொய் சொல்றாரு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் மகன் பொங்கலுக்கு வரவில்லை என்பது உறுதியாகிவிட்டதாம். அதையும் அந்தச் சிரிப்போடு சேர்த்தே சொன்னார்.

வீட்டில் மழைச் சத்தம் திரும்பிவிட்டது. டேப், அம்பு, கண்ட்ரோல், எல்லாம் பழைய வேகம். சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூடவே புதிதாக ஒரு சத்தம். நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் இரண்டு விசைகள் சேர்ந்து விழுகின்றன. டக். திரை பூட்டிக்கொள்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் டக். பாப்பா சிணுங்கி எழுந்தாலும், முதலில் டக், அதன் பிறகுதான் பாப்பா.

அவளும் பாப்பாவும் போக, வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.